பூட்டுக்கும் வேண்டும் ஒரு பகிரங்கப் பரீட்சை

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், கேரளத்திலுள்ள புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் உச்ச விலையாக 7,000 ரூபாய்க்குப் போயிற்று என்னும் செய்தி போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போடிநாயக்கனூருக்கு வந்து சேர்ந்தபோது, தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு உண்டான ஆனந்தத்தோடு ஒரு கலக்கமும் கூடவே உண்டாயிற்று. அந்த விலைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றின் மதிப்பு மூன்றரை லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், காயை உலர்த்தி வைத்திருக்கும் ஸ்டோரின் கதவையும், அந்தக் கதவில் பல வருஷங்களாகத் தொங்கிக்கொண்டிருந்த பூட்டையும் அப்போதுதான் கூர்ந்து பார்த்தார்கள். அதே மாதத்தின் கடைசியில், சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகம் திண்டுக்கல் பூட்டுக்குக் குறியீடு வழங்கிற்று என்னும் மற்றொரு செய்தியும் வந்தது. பூட்டு செய்கிற ஊரும் பூட்டு வேண்டியிருக்கிற ஊரும் ஒரு காலத்தில் ஒரே மதுரை ஜில்லாவுக்குள் இருந்தவை. வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று ஒரே சாலையில் கோத்தவை. இவ்விரண்டு ஊர்களும் பூட்டைப் பற்றி ஒன்றோடொன்று மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதும், அந்தப் பேச்சுக்கு மத்தியஸ்தராக, பூட்டைச் சாவியில்லாமல் திறப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களை அழைக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில், இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஒருவன் கம்பியை வளைத்துப் பூட்டின் துவாரத்தில் நுழைத்துக் கொண்டிருந்தால் அவனைத் திருடன் என்று எண்ணுவதே வழக்கம். ஆனால் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் 1997ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சங்கம் ஏற்பட்டது. பின்னர் ஹாலந்திலும் அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட சங்கங்கள் தோன்றின. அவற்றில் ஆசிரியர்களும் பொறியாளர்களும் மாணவர்களும் மேஜையைச் சுற்றி அமர்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, சதுரங்கம் ஆடுகிற சிரத்தையுடன் பூட்டுகளைத் திறக்கிறார்கள். அவர்களிடையே இரண்டு விதிகள் உண்டு. தனக்குச் சொந்தமல்லாத பூட்டை, உடையவரின் அனுமதியின்றித் தொடக்கூடாது என்பது ஒன்று. உபயோகத்திலிருக்கும் பூட்டில், அது தன்னுடையதாகவே இருந்தாலும், கைவைக்கக் கூடாது என்பது மற்றொன்று. பூட்டு விற்கிறவர் தம் சரக்கைப் புகழ்வது இயற்கை. திருடன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லப் போவதில்லை. சாவி போடுகிறவருக்கோ அது பிழைப்பின் ரகசியம். எந்தப் பூட்டு திறப்பதற்குக் கடினமானது என்ற கேள்விக்கு லாப நஷ்டம் பாராமல் உத்தரம் சொல்லக் கூடியவர் இந்த ஆர்வலர் ஒருவர்தான்.

அந்த உத்தரத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், பூட்டு ஏன் திறக்கிறது என்பதைவிட, சாவியில்லாமல் அது ஏன் திறந்துவிடுகிறது என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும். அமெரிக்கரான லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை பெற்றதும், இன்று உலகமெங்கும் வீட்டுக் கதவுகளில் காணப்படுவதுமான உருளைப் பூட்டில், ஐந்தாறு சிறு பின்கள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டுகளாயிருக்கிறது. சரியான சாவி நுழைந்ததும் எல்லாப் பின்களின் சந்துகளும் ஒரே மட்டத்துக்கு வந்து சேர, உள்ளுருளை சுழல்கிறது. இந்த ஏற்பாட்டில் சித்தாந்த அளவில் குற்றமில்லை. ஆனால் மனிதன் துளைத்த துவாரங்கள் ஒருபோதும் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. ஒரு தலைமுடியில் ஒரு பங்கு அளவுக்கேனும் விலகியிருக்கும். உருளையை லேசாகத் திருப்பி அழுத்திப் பிடித்தால், எல்லாப் பின்களும் ஏககாலத்தில் இறுகாமல், ஏதேனும் ஒன்று முந்தி இறுகும். அதை மட்டும் மெல்லத் தூக்கி அதன் மட்டத்தில் நிறுத்திவிட்டால், அடுத்தது இறுகும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பேசவைத்து, பூட்டிடமிருந்தே அதன் ரகசியத்தைக் கறந்துவிடுவதுதான் இக்கலையின் சாரம். நம் ஊர் லீவர் பூட்டின் கதையும் அடிப்படையில் இதுவே: பின்களுக்குப் பதிலாகத் தகடுகள், ஒவ்வொரு தகடும் தனக்குரிய உயரத்துக்கு, கூடாமலும் குறையாமலும், எழும்பினால்தான் தாழ் நகரும். ஆகவே கடினமான பூட்டு என்பது கனமான பூட்டு அன்று, பெரிய பூட்டும் அன்று. தன்னைத் தொடுகிறவனுக்கு மிகக் குறைந்த சேதியைச் சொல்லுகிற பூட்டே கடினமான பூட்டு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஆர்வலர்கள் எவற்றை உச்சியில் வைக்கிறார்கள் என்பது புரியும். பின்லாந்து தேசத்தில் எமில் ஹென்ரிக்சன் என்பவர் 1907இல் கண்ட உபாயத்தைப் பின்பற்றி வளர்ந்த அப்லாய் பூட்டுகளில் தூக்குவதற்குப் பின்னும் இல்லை, அழுத்துவதற்கு ஸ்பிரிங்கும் இல்லை. வட்டத் தகடுகள் பல அடுக்காக நின்று, ஒவ்வொன்றும் குறித்த கோணத்துக்குச் சுழன்று நிற்க, அவற்றின் விளிம்பிலுள்ள பள்ளங்கள் ஒரே வரிசைக்கு வந்த பிறகு ஒரு பக்கக் கம்பி அதில் இறங்கினால்தான் திறக்கும். 1968இல் அமெரிக்காவில் தோன்றிய மெடிகோ கம்பெனியின் பூட்டுகளில் பின்கள் தக்க உயரத்துக்கு எழும்புவதோடு, தக்க திசையில் திரும்பவும் வேண்டும். ஒரு கேள்விக்குப் பதிலாக இரண்டு கேள்விகள். வியன்னாவின் ஈவா நிறுவனத்தாரோ சாவியின் உடம்பிலேயே காந்தங்களைப் பதித்து, பூட்டினுள் இருக்கும் சிறு சக்கரங்களை அவை தொடாமலே திருப்பும்படி செய்துவிட்டார்கள். விரலுக்கும் கம்பிக்கும் அங்கே உணர்வதற்கே ஒன்றுமில்லை. லீவர் பூட்டுகளிலும் உயர்ந்த ஜாதி உண்டு. தகட்டின் வாயில் உண்மைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் பொய்ப்பள்ளங்களை வெட்டி, திறப்பவனை ஏமாற்றி நிறுத்துகிற பூட்டுகள் அவை. ஒழுங்காக அறுத்த ஐந்து தகடுகளும் இந்தப் பொய்ப்பள்ளங்களும் உள்ள பூட்டு, தளர்ந்து ஆடுகிற பத்துத் தகடுப் பூட்டைக் காட்டிலும் அதிகக் காலம் எதிர்த்து நிற்கும். எத்தனை லீவர் என்று மாத்திரம் கேட்டு வாங்கிப் பழகிய நாம் இதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பகிரங்கப் பரீட்சை என்பது நான் இன்று புதிதாகச் சொல்கிற யோசனை அன்று. லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் 1784இல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் உறுப்புகளைக் கையால் அறுத்தால் போதிய நுட்பம் வாராது என்று கண்டு, ஹென்றி மாட்ஸ்லே என்னும் இளைஞனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பூட்டு செய்வதற்கென்றே யந்திரங்களை அமைத்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் யந்திரத் தொழிலுக்கே மூலபுருஷர்களில் ஒருவராக மதிக்கப்பட்ட மாட்ஸ்லே, அந்தப் பூட்டுப் பட்டறையில் உருவானவர். தமது கடையின் கண்ணாடிச் சாளரத்தில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, இதைச் சாவியின்றித் திறக்கும் கருவியைச் செய்கிறவருக்கு 200 கினி உடனே தரப்படும் என்று பிராமா எழுதி வைத்தார். அவர் காலம் முழுவதும், அவருக்குப் பிறகும் நெடுநாள், ஒருவராலும் அது முடியவில்லை. மற்றொரு பக்கம், போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் கள்ளச்சாவி கொண்டு நடந்த களவுக்குப் பின், ஜெரமையா சப் என்பவர் 1818இல், தப்பான கருவி பட்டால் தானே இறுகிக்கொண்டு உடையவருக்கு அறிவிக்கும் பூட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். பூட்டுத் தொழில் தெரிந்த கைதி ஒருவனிடம், திறந்தால் விடுதலையும் 100 பவுனும் உண்டு என்று கூறி அதைக் கொடுத்தார்கள். அவன் மாதக்கணக்கில் முயன்றும் தோற்றான்.

1851இல் லண்டனில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் பூட்டு விற்பனையாளர், சாட்சிகள் முன்னிலையில் சப் பூட்டை 25 நிமிஷங்களில் திறந்து காட்டினார். திருட்டு முயற்சியை அறிவிப்பதற்கென்று வைத்திருந்த உறுப்பே, எந்தத் தகடு எவ்வளவு எழும்பிற்று என்பதை அவருக்கு அறிவித்துவிட்டது. பிறகு பிராமாவின் சாளரத்துப் பூட்டில் கைவைத்து, 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்புக்குப் பின் அதையும் திறந்துவிட்டார். ஆங்கிலப் பத்திரிகைகளில் பெரும் கிளர்ச்சி உண்டாயிற்று. இவ்விதமான குறைகளை ஊரறியச் சொல்வது திருடர்களுக்குப் பாடம் நடத்துவதாகாதா என்று பலர் கேட்டார்கள். திருடர்கள் தங்கள் தொழிலில் நமக்கு முன்பே தேர்ந்தவர்கள், அறியாமல் ஏமாறுகிறவர்கள் பூட்டை வாங்குகிற சாமானியர்கள்தாம் என்பதே ஹாப்ஸ் தரப்பினர் சொன்ன சமாதானம். 1883இல் ஆகஸ்ட் கெர்க்காப்ஸ் என்னும் மொழிப் பேராசிரியர், யுத்தகாலச் சங்கேத எழுத்தைப் பற்றி எழுதும்போது இதே நியாயத்தை ஒரு விதியாகவே வகுத்தார்: அமைப்பு முழுவதும் எதிரியின் கைக்குப் போனாலும், திறவுகோல் ஒன்று மட்டும் நம்மிடம் இருந்தால் போதும் என்ற நிலை வேண்டும். இன்று நம் வங்கிக் கணக்குகளையும் கைப்பேசிகளையும் காக்கிற ரகசிய எழுத்து முறைகள் இந்த விதியின்மேல்தான் நிற்கின்றன. உள்ளே இருப்பதை மறைப்பதால் மட்டுமே காக்கிற பூட்டு, அந்த மறைவு ஒருமுறை வெளிப்பட்டவுடன் வெறும் இரும்பாகிவிடுகிறது.

இந்த இடத்தில் திண்டுக்கல்லைப் பற்றி நான் அன்போடும் ஒளிவின்றியும் பேச வேண்டியிருக்கிறது. 150 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று சொல்லப்படும் அந்தத் தொழிலில் மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, ஒவ்வொரு திருப்புக்கும் மணியடிக்கும் மணிப் பூட்டு, அலமாரிப் பூட்டு, ஷட்டர் பூட்டு என்று வகைகள் பல. இரும்புத் தகட்டையும் பித்தளையையும் வெட்டி, அரத்தால் ராவி, தகடு தகடாகச் சாவிக்குப் பொருத்துகிற அந்தக் கைகளின் சாமர்த்தியத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அவர்கள் செய்த தந்திரப் பூட்டுகள், துவாரத்தை ஒரு மூடியின் கீழ் ஒளித்தும், ஒரு பூட்டுக்கு இரண்டு சாவிகள் வைத்தும், சாவியை முன்னும் பின்னும் குறித்த தடவை திருப்பினாலன்றித் திறவாதபடி அமைத்தும் செய்யப்பட்டவை; அவை எந்த நாட்டு ஆர்வலனையும் பிரமிக்கச் செய்யும். ஓர் அச்சில் லட்சம் பூட்டுகள் வார்க்கிற கம்பெனியின் சரக்கில் ஒன்றைக் கற்றவன் எல்லாவற்றையும் கற்றவனாகிறான். கையால் செய்த பூட்டிலோ ஒன்றைத் திறந்த அனுபவம் அடுத்ததற்கு முழுவதும் உதவுவதில்லை. இது கைத்தொழிலின் பெரும் பலம்.

ஆனால் அதே அரம் சற்று அதிகமாக ராவிவிட்டால், தகடுகளுக்கிடையே விழுகிற தளர்ச்சி, நான் முன்பு சொன்ன அந்தச் சேதியைத் திறப்பவனுக்கு உரக்கச் சொல்லிவிடும். ஒளித்து வைத்த துவாரமும் ஒரு தடவை பார்த்தவனுக்கு ஒளிவு ஆகாது. அலிகாரிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிற மலிவான பூட்டுகளின் நெருக்கடியில், கூலி கட்டாமல் இளைஞர்கள் பட்டறையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிற இந்நாளில், புவிசார் குறியீடு ஒரு நல்ல கவசம்தான். எனினும் அந்தக் குறியீடு பூட்டு எந்த ஊரில், எந்த முறையில் பிறந்தது என்று சொல்லுமே தவிர, கைதேர்ந்த ஒருவன் முன்னால் அது எத்தனை நாழிகை நிற்கும் என்று சொல்லாது. ஏலக்காய் வியாபாரி அறிய விரும்புவது இரண்டாவதைத்தான்.

மலைப்பக்கத்தின் தேவையும் சமவெளியின் தேவையும் ஒன்றல்ல என்பதையும் பூட்டுக்காரர்கள் கருத வேண்டும். போடிமெட்டிலும் அதற்கப்பால் உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் ஆடி ஆவணியில் மூடுபனியும் சாரலும் இரும்பைத் தின்றுவிடுகின்றன. ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்த லீவர் பூட்டு, திருடனுக்கு இளகியும் உடையவனுக்கு இறுகியும் நடந்துகொள்ளும். பின்லாந்துக்காரர்கள் ஸ்பிரிங்கே இல்லாத பூட்டைப் போற்றி வளர்த்ததற்கு அவர்களுடைய பனியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாமோ பூட்டு இறுகினால் தேங்காயெண்ணெயை விடுகிறோம். அது நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகி, உள்ளுறுப்புகளைப் பிடித்துக்கொள்கிறது. உருளைப் பூட்டுக்குப் பென்சிலின் கரித்தூள் எவ்வளவோ மேல்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஸ்டோரை உடைக்கிறவன் கம்பியும் பொறுமையும் கொண்டு வருவதில்லை. கடப்பாரையும் ஆக்ஸா பிளேடும் கொண்டு வருகிறான். உயர்ந்த பூட்டை வாங்கி, அதைத் துருப்பிடித்த நாதாங்கியில், இரண்டு திருகாணிகள் மட்டும் பிடித்திருக்கிற பட்டையில் மாட்டினால், பூட்டு பத்திரமாக நாதாங்கியோடு தரையில் கிடக்கும். சாவியை நிலைக்கு மேலே வைப்பதும், ஜன்னலோரத்து ஆணியில் மாட்டுவதும், மூன்று ஸ்டோர்களுக்கு ஒரே சாவி போதும் என்று சௌகரியம் பார்ப்பதும் நம்மிடம் உள்ள பழக்கங்கள். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியல் மேதை ரிச்சர்ட் பெயின்மன், யுத்தகாலத்தில் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் அணுகுண்டு ரகசியங்கள் வைத்திருந்த அலமாரிகளை விளையாட்டாகத் திறந்து காட்டினார். அவருக்கு உதவியது பூட்டின் குறை மட்டுமன்று, பெரிய விஞ்ஞானிகளும் எளிதில் ஊகிக்கத்தக்க எண்களையே பூட்டுக்கு வைத்திருந்தார்கள் என்பதும்தான். ஆகவே நான் கோருகிற பரீட்சையில் பூட்டைத் தனியே மேஜைமேல் வைத்துச் சோதிப்பது பாதிதான். நாதாங்கியும் கதவும் சேர்ந்த முழு ஏற்பாட்டையும் சோதிக்க வேண்டும்.

என் யோசனை இது. திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும், போடியிலுள்ள ஏலக்காய் வியாபாரிகளும் சேர்ந்து, ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடை தொடங்குவதற்கு முன்பு, போடியின் ஏல மையத்து வாசலில் ஐந்தாறு பூட்டுகளை ஒரு தேக்குப் பலகையில் மாட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு பூட்டிலும் அதைச் செய்த தொழிலாளியின் பெயர் பொறித்திருக்க வேண்டும். அவருடைய பெயர் பூட்டில் இடம்பெறாதது எனக்கு நெடுநாள் மனக்குறை. பாலிடெக்னிக் மாணவர்களும், சாவி போடுகிறவர்களும், வெளிமாநிலத்து ஆர்வலர்களும், விரும்பினால் வெளிநாட்டவரும் வந்து, பெயரும் முகவரியும் பதிந்துகொண்டு, போலீஸ் அதிகாரி ஒருவர் முன்னிலையில், பூட்டைச் சிதைக்காமல் திறக்க முயலட்டும். திறந்தவருக்குப் பரிசு எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள ஏலக்காய் பத்துக் கிலோ. திறக்க எடுத்த நேரத்தை மணியும் நிமிஷமுமாக எழுதி, கடையில் அந்தப் பூட்டின் விலைக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

இதற்கு எழக்கூடிய ஆட்சேபங்களை நான் அறியாதவன் அல்லன். பூட்டு திறக்கப்பட்டால் திண்டுக்கல்லின் பெயர் கெடும் என்பார்கள். பிராமாவின் பூட்டு திறக்கப்பட்ட பிறகும் அந்தக் குடும்பத்தின் கடை மூடப்படவில்லை. 51 மணி நேரம் நின்ற பூட்டு என்பதே பிறகு அதற்குப் பெருமையாயிற்று, இன்று அது லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் இருக்கிறது. திறக்கும் வித்தையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாமா என்பார்கள். பூட்டைத் திறந்து பார்த்த பிள்ளைகளிலிருந்துதான் அடுத்த பூட்டைச் செய்கிறவன் வருவான். பட்டறைகளுக்கு வாரிசு தேடித் திண்டாடுகிற ஒரு தொழிலுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. செலவுக்கு எங்கே போவது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வியாபாரிகள். ஒரு மூட்டைக் காயின் விலையில் முழு விழாவும் நடந்துவிடும்.

ஒரு நிபந்தனையை மட்டும் சங்கத்தார் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தப் பூட்டு திறக்கப்பட்டதோ, அதைத் திறந்தவர் அதே மேஜையில், அதைச் செய்தவரின் அருகில் உட்கார்ந்து, எந்தத் தகடு எங்கே காட்டிக்கொடுத்தது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும்; செய்தவர் அந்தத் தகட்டைத் திருத்தி, தம் பெயர் பொறித்த புதிய பூட்டை அடுத்த வருஷம் அதே பலகையில் மாட்ட வேண்டும்.